வீடா, அறையா, உடலா: பணம் இறுக்கமான குளிர்காலத்தில் எதைச் சூடாக்குவது?

குளிர் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே பல குடும்பங்களில் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. வாடகை, பள்ளிச் செலவு, மருந்து, மளிகை எல்லாம் போக மிஞ்சுகிற தொகைக்குள் மூன்று நான்கு மாத வெப்பமூட்டும் செலவை எப்படி அடக்குவது என்பதே அந்தக் கணக்கு. இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்த ஹீட்டர் மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கும் கடைசியில் வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்கவேண்டிய பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: வீடு முழுவதையும் மிதமாகச் சூடாக்குவதா, ஓர் அறையை மட்டும் சூடாக்கி அதற்குள் வாழ்வதா, அறையை அப்படியே விட்டுவிட்டு மனிதர்களை மட்டும் கதகதப்பாக வைத்திருப்பதா, அல்லது கையில் இருக்கும் சிறு தொகையை வெப்பம் வெளியேறும் வழிகளை அடைப்பதற்குச் செலவிடுவதா? இந்த நான்கு வழிகளுக்கும் இடையே செலவு பல மடங்கு மாறுகிறது. ஒரே வகை ஹீட்டர்களில் ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்குவதால் அவ்வளவு பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடாது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் ஆரோக்கியம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்களில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கவேண்டிய பாதுகாப்பான குறைந்தபட்ச வெப்பநிலையாக 18 டிகிரி செல்சியஸைக் குறிப்பிட்டிருக்கிறது. முதியோர், குழந்தைகள், நாட்பட்ட நோயுள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது சுமையாகிறது. முதுமையில் குளிரை உணரும் திறனே மங்கிவிடுவதால், "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று ஒரு பெரியவர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரநிலை. ஆகவே சிக்கனம் என்ற பெயரில் தொடக்கூடாத எல்லை எது என்பதை வீட்டிலிருப்பவர்களின் வயதையும் உடல்நிலையையும் பார்த்து முதலில் வரைந்துகொள்ளவேண்டும்.

அடுத்ததாகப் பார்க்கவேண்டியவை ஒவ்வொரு மாதமும் ஆகும் எரிபொருள் அல்லது மின்செலவும், தொடக்கத்திலேயே போடவேண்டிய முன்பணமும். இவை இரண்டும் வேறு வேறு. மாதச் செலவைக் குறைக்கும் ஒரு வழி, முன்பணம் இல்லாத குடும்பத்துக்கு எட்டாத வழியாகவே நின்றுவிடும். நான்காவது அளவுகோல் ஈரம். இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆனால் குளிர்காலச் சிக்கனத் திட்டங்களில் மிகுதியானவை தோற்றுப்போவது சுவரில் படரும் பூஞ்சணத்தால்தான். ஐந்தாவது விபத்து வாய்ப்பு: தீ, விஷவாயு, சுட்டுப்போதல், குழாய் வெடித்தல். இவற்றோடு, அந்த ஏற்பாட்டை வீட்டிலிருக்கும் எல்லாரும் நான்கு மாதம் தொடர்ந்து தாங்கமுடியுமா என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்தில் எல்லாரும் சலித்துப்போய்க் கைவிடும் ஏற்பாட்டினால் எதுவும் மிஞ்சாது.

## வெப்பக் கணக்கு ஒரு பார்வையில்

ஒரு வீடு இழக்கும் வெப்பம், உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் வெளியே இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 18 டிகிரியும் வெளியே 3 டிகிரியும் இருந்தால் வித்தியாசம் 15. தெர்மோஸ்டாட்டை (அறை எத்தனை டிகிரியில் இருக்கவேண்டும் என்று குறித்து வைக்கும் கருவியை) ஒரு டிகிரி குறைத்தால் இழப்பில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே 7 டிகிரி என்றால் வித்தியாசம் 25. அப்போது அதே ஒரு டிகிரி 4 சதவீதத்தைத்தான் மிச்சப்படுத்தும்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் மொத்த வெப்ப இழப்பு டிகிரிக்கு 200 வாட். அதில் ஒரு சிறிய அறையின் பங்கு டிகிரிக்கு 40 வாட். 15 டிகிரி வித்தியாசத்தில் வீடு முழுவதையும் 24 மணி நேரம் 18 டிகிரியில் வைத்திருக்க 3,000 வாட் வீதம் நாளொன்றுக்கு 72 யூனிட் வெப்பம் தேவை. அந்த ஓர் அறையை மட்டும் 16 மணி நேரம் சூடாக வைத்திருக்க 9.6 யூனிட் போதும். 100 வாட் மின்போர்வையை ஒருவர் 6 மணி நேரம் போர்த்திக்கொண்டால் 0.6 யூனிட். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி எந்த வீட்டிலும் பெரிதாகத்தான் இருக்கும்.

## முதல் வழி: வீடு முழுவதையும் மிதமாகச் சூடாக்குதல்

இதன் பெரிய நன்மை, வீடு வீடாகவே இருக்கும் என்பது. எல்லா அறைகளும் பயன்படும், சுவர்கள் குளிர்ந்து ஈரம் கோக்காது, குழாய்கள் உறையாது, நோயாளியோ குழந்தையோ எந்த அறைக்குப் போனாலும் கவலையில்லை. மாதச் செலவில் மிகப் பெரியது இதுதான் என்பதும் உண்மை.

ஆனாலும் இந்த வழிக்குள்ளேயே சிக்கனத்துக்கு இடமிருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் 21 டிகிரியிலிருந்து 18க்கு இறங்குவது, மேலே சொன்ன குளிரில், ஆறில் ஒரு பங்குச் செலவைக் குறைத்துவிடும். நாள் முழுவதும் குறைந்த அளவில் ஓடவிட்டால்தான் மலிவு, அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சுவர்களைச் சூடாக்கவே எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதாரண ஹீட்டருக்கும், நீரைச் சூடாக்கி அறைகளிலுள்ள ரேடியேட்டர் என்ற உலோகப் பலகைகளுக்கு அனுப்பும் பாய்லருக்கும் அது பொருந்தாது; குளிர்ந்து கிடக்கும் நேரத்தில் வீடு குறைவாகவே வெப்பத்தை இழக்கிறது என்பதால், ஆளில்லாத நேரத்தில் குறைத்து வைப்பது எப்போதும் லாபம்தான். ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து வரும் கருவி) இருக்கும் வீடு மட்டும் விதிவிலக்கு. அதைத் திடீரென முழு வேகத்தில் ஓடவிட்டால் அதன் திறன் விழும், சில அமைப்புகளில் துணைக்கு இருக்கும் சாதாரண மின் ஹீட்டரும் சேர்ந்து இயங்கத் தொடங்கிவிடும். கண்டென்சிங் வகை எரிவாயு பாய்லர் இருந்தால், ரேடியேட்டரிலிருந்து திரும்பிவரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்குமாறு நீரின் வெப்பத்தைத் தணித்து வையுங்கள். அப்போதுதான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தையும் தந்துவிட்டுப் போகும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஒரு திருகைத் திருப்பினால் போதும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே கட்டண முறையில் இருக்கிறது. சில அடுக்குமாடிக் கட்டடங்களில் வெப்பத்துக்கான கட்டணத்தின் ஒரு பகுதி வீட்டின் பரப்பளவைக் கொண்டு பங்கிடப்படுகிறது. அங்கே நீங்கள் ரேடியேட்டரை மூடினாலும் அந்தப் பகுதி குறையாது. பயன்பாட்டைப் பொறுத்த தொகை எவ்வளவு, நிலையான தொகை எவ்வளவு என்பதைப் பழைய கட்டணச் சீட்டிலிருந்து பிரித்துப் பார்க்காமல் இந்த வழியை ஏற்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

## இரண்டாம் வழி: ஓர் அறையைச் சூடாக்கி அங்கேயே வாழ்தல்

பணம் உண்மையிலேயே இறுக்கமாக இருக்கும் குடும்பங்கள் கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் இங்கேதான். இதை நன்றாகவும் செய்யலாம், மிக மோசமாகவும் செய்யலாம் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எந்த அறை என்பதே பாதி வெற்றி. வெளிச்சுவர் குறைவாகவும், கூரை தாழ்வாகவும், பகலில் வெயில் விழும் ஜன்னலோடும், சமையலறைக்கும் கழிப்பறைக்கும் பக்கத்திலும் இருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டின் மிகப் பெரிய கூடம் மற்ற நாட்களில் எவ்வளவு வசதியாக இருந்தாலும் இதற்கு ஏற்றதல்ல. இருக்கைகளை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். குளிர்ந்த சுவருக்கு அருகில் உட்கார்ந்தால் உடல் தன் வெப்பத்தை அந்தச் சுவரை நோக்கிக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். அறையில் 18 டிகிரி இருந்தாலும் 15 போலத் தோன்றும். பலர் தெர்மோஸ்டாட்டைக் கூட்டுவது அறை குளிர்ந்திருப்பதால் இல்லை, சோபா இருக்கும் இடத்தால்.

சிறிய அறையில் மனிதர்களே வெப்பமூட்டிகள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நமது கற்பனை அறைக்கு வேண்டியது 600 வாட். மூன்று பேர் சேர்ந்திருந்தால் அதில் பாதியை அவர்களே தந்துவிடுகிறார்கள்.

அதே மூன்று பேர் ஈரத்தையும் தருகிறார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உறங்கும் எட்டு மணி நேரத்தில் மூன்று பேரின் மூச்சும் வியர்வையும் வெளியிடும் நீர் ஒரு லிட்டரை நெருங்கும். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் அதே காற்றால் 9 கிராமுக்கு மேல் தாங்கமுடியாது. சூடான அறையில் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால் அங்குள்ள காற்றில் 10 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று 10 டிகிரியில் கிடக்கும் அடுத்த அறைக்குள் நுழைந்ததும் மிச்சம் சுவரில் நீராகப் படிகிறது. "பக்கத்து அறைக்கும் கொஞ்சம் சூடு போகட்டும்" என்று கதவை ஒருக்களித்துத் திறந்து வைப்பதுதான் இந்த வழியில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. நான் இப்படி வாழ்ந்த முதல் குளிர்காலத்தில் அதைத்தான் செய்தேன். இரண்டாம் மாதம் மூடிய அறையின் அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்பக்கச் சுவர் முழுவதும் கறுத்துப்போயிருந்தது. உள்ளேயிருந்த துணிகளில் பாதியைத் தூக்கி எறியவேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் மிச்சப்படுத்திய தொகையில் பெரும்பகுதி அந்தத் துணிகளோடு போயிற்று.

ஆகவே கதவு மூடியே இருக்கட்டும். ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்றை மாற்றிவிட்டு மூடுங்கள். வெப்பமெல்லாம் போய்விடுமே என்று அஞ்சவேண்டாம். 29 கனமீட்டர் அறையின் காற்றை முழுவதுமாக மாற்றி, புதிய காற்றை 15 டிகிரி ஏற்றுவதற்கு 0.15 யூனிட்தான் ஆகும். காற்றில் இருக்கும் வெப்பம் மிகச் சிறிது, சுவரிலும் சாமான்களிலும் இருப்பதுதான் பெரிது. நாள் முழுவதும் சிறிதளவு திறந்து கிடக்கும் ஜன்னல்தான் செலவு வைக்கும், சுற்றுச் சுவரையும் சேர்த்துக் குளிரவைக்கும். மூடிய அறைகளிலும் இப்படியே காற்றை மாற்றுங்கள்; அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு கைப்பிடி அகலம் தள்ளி வையுங்கள். ஈரத் துணியைச் சூடான அறையில் காயப்போடாதீர்கள். ஒரு முறை துவைத்த துணிகளிலிருந்து இரண்டு லிட்டர் நீர் ஆவியாகலாம். அந்த நீரை ஆவியாக்கவே உங்கள் அறையிலிருந்து 1.3 யூனிட்டுக்கு மேல் வெப்பம் போகும்.

இன்னொரு மறைசெலவு குழாய். நீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. அதன் அழுத்தத்தில் குழாய் பிளந்து, பனி உருகும் நாளில் வீடு நனைந்தால், ஒரு குளிர்காலத்தின் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். குழாய் ஓடும் அறைகளை உறைநிலைக்கு அருகே இறங்கவிடக் கூடாது. கடும் உறைபனி இரவில் கழுவுதொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து வைப்பதும், வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் மெல்லிய நீரோட்டத்தை விட்டு வைப்பதும் உதவும். வீட்டுக்குள் வரும் நீரை அடைக்கும் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

மனிதச் செலவும் உண்டு. படிக்கிற பிள்ளை, வேலை செய்கிற பெரியவர், ஓய்வெடுக்கிற முதியவர் எல்லாரும் ஓர் அறைக்குள் நான்கு மாதம் இருப்பது எளிதல்ல. யாருக்கு எந்த நேரம் அமைதி வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட குடும்பங்கள்தான் இதை இறுதிவரை கொண்டுபோகின்றன.

## மூன்றாம் வழி: உடலை மட்டும் கதகதப்பாக வைத்திருத்தல்

எண்களை மட்டும் பார்த்தால் இதற்கு நிகரில்லை. இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பைக்கு வேண்டிய நீரைச் சூடாக்க 0.16 யூனிட் போதும். படுக்கைக்குக் கீழே விரிக்கும் 60 வாட் மின்விரிப்பை உறங்கப்போகும் முன் அரை மணி நேரம் போட்டு அணைத்தால் 0.03 யூனிட். உடையைப் பொறுத்தவரை வெப்பத்தைக் காப்பது துணியின் கனம் மட்டுமல்ல, அடுக்குகளுக்கு இடையே சிறைப்படும் காற்றும்தான். ஆகவே ஒரு தடித்த சட்டையைவிட, உடலோடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத ஒன்று என்று மூன்று அடுக்கு நன்றாக உழைக்கும். வியர்த்து நனைந்த பருத்தி உள்ளாடை குளிரைக் கூட்டும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போகிறது என்பது தவறு; தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். இருந்தாலும் மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது தொப்பிக்குப் பலன் உண்டு.

ஆனால் இந்த வழி அறைக் காற்றைக் குளிராகவே விட்டுவிடுகிறது. 12 டிகிரியில் போர்வைக்குள் கதகதப்பாக இருந்தாலும் மூச்சில் போவது குளிர்ந்த காற்றுதான், கைகள் விறைத்துப்போகும், சுவர்கள் ஈரம் கோக்கும். ஓடி விளையாடும் குழந்தையைப் போர்வைக்குள் கட்டிவைக்கவும் முடியாது. எனவே இதைத் தனித்த வழியாக, ஆரோக்கியமான பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு, அதுவும் உட்கார்ந்தே கழியும் சில மணி நேரத்துக்குத்தான் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு இது இரண்டாம் வழியோடு சேர்த்துக்கொள்ளவேண்டிய துணை: அறையை இரண்டு டிகிரி குறைத்து, அந்தக் குறையை உடையாலும் போர்வையாலும் ஈடுகட்டுவது.

பாதுகாப்பில் சலுகை காட்டக் கூடாத இடமும் இதுவே. கொதிக்கும் நீரை வெந்நீர்ப் பையில் ஊற்றக் கூடாது. ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் அந்தப் பையைத் தூக்கிப் போடுங்கள். மின்போர்வையை மடித்து வைத்தபடி போடுவதும், அதன்மேல் உட்கார்வதும் உள்ளிருக்கும் கம்பியைச் சிதைக்கும். மின்போர்வையையும் வெந்நீர்ப் பையையும் ஒரே படுக்கையில் சேர்க்கவேண்டாம். கைக்குழந்தைக்கு இவை இரண்டுமே ஆகாது. நீரிழிவினால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

## நான்காம் வழி: கசிவை அடைப்பதில் பணம் போடுதல்

மற்ற மூன்றும் மாதந்தோறும் பணம் கேட்பவை. இது ஒருமுறை கேட்பது. 80 செ.மீ. அகலக் கதவின் அடியில் 3 மி.மீ. இடுக்கு இருந்தால் அதன் பரப்பு 24 சதுர செ.மீ., அதாவது சுவரில் 5 செ.மீ. சதுரத்தில் ஓர் ஓட்டை போட்டதற்குச் சமம். அப்படி ஓர் ஓட்டையை நாம் ஒரு நாளும் விட்டுவைக்கமாட்டோம். கதவிடுக்கை ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கிறோம். பழைய துணியை நீளமாகச் சுருட்டித் தைத்துக் கதவடியில் வைத்தால் செலவே இல்லாமல் அது அடைபடும்.

அடுத்தது ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். 1.5 சதுர மீட்டர் ஜன்னல் ஒன்று 15 டிகிரி வித்தியாசத்தில் 120 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பத்தை இழக்கிறது. சட்டத்தில் ஒட்டிச் சூடான காற்றால் இழுத்துக்கட்டும் பிளாஸ்டிக் படலம் கண்ணாடிக்கும் அறைக்கும் நடுவே ஒரு காற்றடுக்கை உண்டாக்கி அந்த இழப்பைப் பாதியளவுக்குக் கொண்டுவரும். நாள் முழுவதும் சூடாக இருக்கும் அறையென்றால், 120 நாள் குளிர்காலத்தில் ஒரே ஜன்னலில் 150 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். தடித்த திரைச்சீலையை இருட்டியதும் இழுத்துவிட்டு விடிந்ததும் திறப்பதும் இதே வேலையைச் செய்யும். ஆனால் திரை ரேடியேட்டரை மூடிக்கொண்டு தொங்கினால் சூடு முழுவதும் கண்ணாடிக்குத்தான் போகும்.

கூரையின் மேல் காப்புப் பொருள் விரிப்பது, ஜன்னலையே மாற்றுவது போன்ற பெரிய வேலைகள் சொந்த வீட்டுக்காரருக்கும் பல ஆண்டு அங்கேயே இருக்கப்போகிறவருக்கும்தான் பொருந்தும். இவற்றில் முதலில் கூரை. ஜன்னல் மாற்றுவது போட்ட பணத்தை மிக மெதுவாகத்தான் திருப்பித்தரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கழற்றி எடுத்துப்போகக்கூடியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எச்சரிக்கை ஒன்று. எரிவாயுவோ விறகோ மண்ணெண்ணெயோ எரியும் அறையில் காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. காற்று போதாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். எதையாவது எரித்துச் சூடேற்றும் வீட்டில், சிக்கனப் பட்டியலில் எது இல்லாவிட்டாலும், அந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி இருக்கவேண்டும்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | வீடு முழுவதும் | ஓர் அறை | உடல் மட்டும் | கசிவை அடைத்தல் |
|---|---|---|---|---|
| மாதச் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | இல்லை; மற்றவற்றின் செலவைக் குறைக்கும் |
| முன்பணம் | ஏற்கெனவே உள்ள அமைப்பு என்றால் இல்லை | ஒரு ஹீட்டர் | போர்வை, உடை | துணிச்சுருளுக்கு ஒன்றுமில்லை. கூரைக்குப் பெரிது |
| முதியோர், குழந்தை | மிகவும் ஏற்றது | கவனத்தோடு ஏற்றது | தனியாகப் போதாது | எப்போதும் நல்லது |
| ஈரமும் பூஞ்சணமும் | குறைவு | மூடிய அறைகளில் அதிகம் | வீடு முழுவதும் அதிகம் | காற்றை மாற்றாவிட்டால் கூடும் |
| முக்கிய ஆபத்து | எதிர்பாராத கட்டணம் | குழாய் உறைதல், மின்சுமை | சுட்டுப்போதல் | எரியும் கருவிக்குக் காற்றுப் போதாமை |
| நான்கு மாதம் தாங்குமா | ஆம் | நெருக்கடி உண்டு | பலருக்குக் கடினம் | ஆம் |

## இனி, எந்தக் கருவி

சாதாரண மின் ஹீட்டர்கள் எல்லாம், விசிறி வைத்ததோ எண்ணெய் நிரப்பியதோ, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்தைத்தான் தரும். அதிக விலைக்கு விற்பதால் ஒன்று கூடுதல் வெப்பம் தந்துவிடாது. விசிறி வகை சில நிமிடத் தேவைக்கும், எண்ணெய் வகை சத்தமில்லாமல் உறங்கும் அறைக்கும், நேரே கதிர்வீசும் வகை கூரை உயர்ந்த இடத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும்போதும் பொருந்தும். ஹீட் பம்ப் மட்டுமே வேறு இனம்: அது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வருவதால் மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை முதல் நான்கு யூனிட் வரை தரும், குளிர் கடுமையாகக் கடுமையாக இந்த அளவு குறையும். சுவரில் இருக்கும் ஏசியில் சூடாக்கும் வசதியும் இருந்தால், புது ஹீட்டர் வாங்கும் முன் அதைப் போட்டுப் பாருங்கள்.

புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் அறைக்குள் வருகிறது. ஈரமும் விஷவாயு அபாயமும் சேர்ந்து வரும் மலிவு அது. விறகு கையில் இலவசமாகக் கிடைப்பவர்களுக்கு மூடிய அடுப்பு நல்ல வழிதான். ஆனால் திறந்த கணப்பில் பெரும்பகுதி வெப்பம் புகையோடு போய்விடும், பாதி எடை நீராக இருக்கும் பச்சை விறகு காய்ந்த விறகின் பாதி வெப்பத்தையே தரும், அதன் புகையிலுள்ள தார் புகைபோக்கியில் படிந்து தீப்பிடிக்கலாம். கரி அடுப்பை வீட்டுக்குள் எந்த நிலையிலும் கொண்டுவரக் கூடாது. மின் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் கம்பியில் போடாமல் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள். திரை, படுக்கை, துணி எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

## யாருக்கு எது

கைக்குழந்தையோ முதியவரோ இதய, நுரையீரல் நோயாளியோ இருக்கும் வீட்டில், அவர் இருக்கும் அறையை இரவும் பகலும் 18 டிகிரிக்குக் குறையாமல், கூடுமானால் 20, 21 வரை வைத்திருப்பதில் தொடங்குங்கள். பணம் போதவில்லையென்றால் மற்ற அறைகளில் குறையுங்கள், அந்த அறையில் வேண்டாம். இதற்கும் பணம் எட்டாத நிலையில், அரசோ உள்ளாட்சியோ தரும் உதவித்தொகையையும் தவணை முறையையும் குளிர் வருமுன்பே கேட்டுவிடுவது நல்லது. கட்டணம் தேங்கிய பிறகு கேட்பதைவிட அது எளிது.

பகல் முழுவதும் வேலைக்குப் போய் இரவில் மட்டும் வீடு திரும்பும் ஆரோக்கியமான இருவருக்கு ஓர் அறையும் மின்போர்வையும் கதவிடுக்குத் துணிச்சுருளும் போதுமானவை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் பகலில் வெயில் வரும் சிறிய அறைக்கு மேசையை மாற்றிக்கொள்ளலாம். நாற்புறமும் மற்றவர்களின் சூடான வீடுகள் சூழ்ந்த அடுக்குமாடி வீட்டில் வெளிச்சுவரே ஒன்றிரண்டுதான் என்பதால், அங்கே ஓர் அறைக்குள் ஒடுங்குவது பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. வீடு முழுவதையும் மிதமாக வைத்திருப்பதே மேல். அதற்கு எதிராக, நாற்புறமும் காற்று வீசும் தனி வீட்டில் ஓர் அறை வாழ்க்கைக்கும் முழு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைபோல இருக்கும். கையில் இருப்பது மிகச் சிறிய தொகை என்றால் நான் செலவிடும் வரிசை இது: கதவு ஜன்னல் இடுக்குகள், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி, ஆளுக்கொரு நல்ல கம்பளி உள்ளாடை, ஜன்னல் படலம், மின்போர்வை, ஹீட்டர் அதற்குப் பிறகு.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். இரவு படுக்கும்போதும் காலையில் எழுந்ததும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரவு வெளியே எத்தனை டிகிரி, உள்ளே எத்தனை டிகிரி என்பதையும் எழுதுங்கள். ஓடிய யூனிட்டை வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால் உங்கள் வீட்டுக்கே உரிய எண் கிடைக்கும். மூன்று இரவு ஒரு வழி, மூன்று இரவு இன்னொரு வழி என்று மாற்றி, அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கூடவே, காலையில் கண்ணாடியில் நீர் வழிந்திருக்கிறதா என்பதையும் அதே தாளில் ஒரு கோடாகக் குறித்து வையுங்கள். எண் இறங்கியும் நீர் வழிந்துகொண்டே இருந்தால், காற்றை மாற்றும் நேரத்தை முதலில் கூட்டிவிட்டு மறுபடி அளக்கவேண்டும்.